வெயிலில் காயவைத்த கோழிக்கால்

பட்டினப்பாக்கம்,
சென்னை - 28.
ஞாயிறு, ஜூன் 7

அன்புள்ள அனு,

இங்கே அம்மாவும் நானும் நலம். உன் நலம் அறியத்தான் இந்தக் கடிதம்.

உன் கடிதத்தில் நண்டு இல்லை. பிரித்ததும் முதலில் அதைத்தான் பார்த்தேன். ஏழாம் வகுப்பிலிருந்து நீ எனக்குக் கொடுத்த எந்தத் துண்டுக் காகிதத்திலும் வலது மூலையில் ஒரு நண்டு இருக்கும். ஒரு கொடுக்கு பெரிது, ஒரு கொடுக்கு சிறிது. டாக்டர் கனவோடு ராசிபுரம் விடுதிக்குப் போனதும் நீ எழுதிய நான்கு பக்கக் கடிதத்தில் இருந்தது. ஏப்ரலில் எழுதிய ஒரு பக்கக் கடிதத்திலும் இருந்தது. இப்போது வந்த கடிதத்தில் இரண்டே வரி. "நன்றாக இருக்கிறேன், படிக்கிறேன். அத்தையைக் கேட்டதாகச் சொல்." மூலை காலியாக இருக்கிறது.

அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். அதற்கு முன்னால் நேற்று நடந்ததை உனக்குச் சொல்லியாக வேண்டும். விடுதியில் போன் கூடாது என்பது எனக்கு ஒருவிதத்தில் வசதிதான். போனில் எனக்குப் பேச வராது. காகிதத்தில் எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

நான் இப்போது நாள் முழுக்க மீன் வெட்டுவதில்லை என்று சொன்னால் நம்புவாயா? காலையில் மட்டும் அம்மாவோடு மீன்கடையில் உட்காருகிறேன். பத்து மணிக்கு மந்தைவெளிக்குப் போய்விடுவேன். அங்கே தணிகாசலம் அண்ணனின் பட்டறை இருக்கிறது. திருவிழாவுக்கு யாளி, நகைக்கடை வாசலுக்கு யானை, கல்யாண மண்டபத்துக்கு மயில், எது கேட்டாலும் களிமண்ணில் செய்து, அதன்மேல் அச்சு எடுத்து, பைபரில் வார்த்துக் கொடுப்பார். அவர் மனைவி ஜோதிலட்சுமி அக்கா வாரம் இரண்டு முறை நம் கடையில் மீன் வாங்குவார். நான் வாளை மீனின் தோலைக் கிழியாமல் உரிப்பதைப் பார்த்துவிட்டு, "இந்தக் கையை மீனுக்கே செலவு பண்ணலாமா முத்தம்மா?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா என்னைக் கேட்டாள். நான் தலையாட்டினேன். அவ்வளவுதான். மார்ச் முதல் போகிறேன்.

இப்போது அங்கே ஒரு டைனோசர் நிற்கிறது அனு.

அடையாறில் குழந்தைகளுக்காக ஒரு அறிவியல் கூடம் திறக்கப் போகிறார்கள். அதன் வாசலில் நிறுத்துவதற்கு. பெயர் எட்மான்டோசாரஸ். இலை தழை தின்கிற வகை. நிஜத்தில் நாற்பது அடி நீளம்கூட வளருமாம், நாங்கள் செய்வது இருபது அடி. உள்ளே இரும்புக் கூடு கட்டுகிற அய்யாதுரை அண்ணாச்சிக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. அவர் திருநெல்வேலிப் பக்கம். "அதுக்கு வாத்து மாதிரிதான வாய் இருக்கு, வாத்துன்னே சொல்லிட்டுப் போவோம்" என்றார். அன்றிலிருந்து பட்டறையில் அதற்குப் பெயர் வாத்து. அந்தப் பெயர்தான் பின்னால் எங்களை ஏமாற்றியது.

கூடத்தின் சார்பில் இந்த வேலையைக் கவனிப்பவர் கீர்த்தி மேடம். இருபத்தாறு வயதுதான் இருக்கும். ஸ்கூட்டரில் வருவார், ஹெல்மெட்டைக் கழற்றாமலே பேச ஆரம்பித்துவிடுவார். முதல் நாள் ஒரு கட்டு புகைப்படங்களைக் கொண்டுவந்து காட்டினார். எல்லாம் அமெரிக்காவில் மண்ணுக்குள்ளிருந்து எடுத்தவை. எலும்பு மட்டும் இல்லை அனு, தோலும் தெரிகிறது. மடிப்பு மடிப்பாக, சின்னச் சின்னச் செதிலாக. ஆறு கோடி வருஷத்துக்கும் முந்தைய தோல்.

அது எப்படி நின்றது என்று அவர் சொன்னதை நான் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன், உனக்கும் சொல்கிறேன். மழை பொய்த்த காலத்தில் அந்த விலங்கு செத்திருக்கிறது. வெயிலில் எலும்போடு தோல் ஒட்டுமளவுக்குக் காய்ந்திருக்கிறது. பிறகு திடீரென்று வெள்ளம் வந்து வண்டலால் மூடிவிட்டது. உள்ளே இருந்த சதை அழுகிப் போனது. கடைசியில் தோலும் போனது. ஆனால் தோலின்மேல் படிந்த களிமண், முட்டை ஓட்டைவிட மெல்லிய ஒரு படலம், அது மட்டும் அப்படியே நின்றுவிட்டது. நாம் பார்ப்பது தோல் இல்லை, தோலின் அச்சு.

அவர் இதைச் சொல்லி முடிப்பதற்குள் தணிகாசலம் அண்ணன் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "இது நம்ம வேலைதானே மேடம்! மேலே மோல்டு போட்டுக்கினு உள்ளே கீற மண்ணை வாரிக் கொட்டிட்ற மாதிரி. ஆண்டவன் நமக்கு முன்னாடியே பட்டறை வெச்சிருந்திருக்கான்." கீர்த்தி மேடம் ஹெல்மெட்டைக் கழற்றியது அப்போதுதான். இத்தனை சீக்கிரம் இது யாருக்கும் புரிந்ததில்லை என்றார்.

எலும்பு மட்டும் கிடைத்திருந்தால் இந்த விலங்கின் முதுகில் கழுத்திலிருந்து ஓடும் சதை மேடு தெரிந்திருக்காது, வால்மேல் வரிசையாக நிற்கும் முள் தெரிந்திருக்காது, பின்காலில் மெரினா குதிரைக்கு இருப்பது போல் குளம்பு இருந்ததும் தெரிந்திருக்காது. அவர் சொன்ன ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. சேவலின் எலும்பை மட்டும் ஒருவன் கையில் கொடுத்து வரையச் சொன்னால், அவன் வரையும் சேவலுக்குக் கொண்டை இருக்காது.

எனக்குக் கொடுத்த வேலை செதில் பதிப்பது. சின்ன அச்சுக்கட்டையால் ஈரக் களிமண்ணில் ஒன்று ஒன்றாக அழுத்த வேண்டும். இரண்டு நாளில் ஒரு தொடை முழுக்க முடித்துவிட்டேன். கை தானாக ஓடியது. மூன்றாம் நாள் கீர்த்தி மேடம் வந்து பார்த்துவிட்டு, "யாரு பதிச்சது? இது சங்கரா மீன்!" என்றார். பார்த்தால் நிஜம்தான். தலையிலிருந்து வால் பக்கமாக ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு நிற்கிறது, ஓடு வேய்ந்த மாதிரி. எட்டு வயதிலிருந்து மீன் செதிலைச் சுரண்டிய கைக்கு வேறு என்ன தெரியும்? இதன் செதில் ஒன்றின்மேல் ஒன்று ஏறாது. கூழாங்கல் பாவிய தரை போலப் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். முழுத் தொடையையும் வழித்து எடுத்துவிட்டு மறுபடி பதித்தேன். அதற்கப்புறம் அண்ணன் என்னைக் கூப்பிடுவதே "இன்னா சங்கரா, வந்துட்டியா" என்றுதான். நான் சிரித்துக்கொள்வேன். ஆனால் அன்று எனக்குள் ஒன்று பூட்டிக்கொண்டது. மீன்காரிக்குத் தெரிந்ததை இங்கே கொண்டுவரக் கூடாது என்று முடிவு செய்துவிட்டேன்.

அப்படி இருந்தவள்தான் அந்த முன்காலைப் பார்த்தேன்.

அண்ணன் உடம்பு முழுவதையும் முடித்துவிட்டு முன்கால் இரண்டையும் கடைசியில் செய்தார். ஒரு புகைப்படத்தைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு அதைப் பார்த்தே செய்தார். படத்தில் விரல்களைச் சுற்றிலும், விரல்களுக்கு நடுவிலும், சப்பையாகத் தோல் பரவியிருக்கிறது. அவர் விரல்களுக்கு நடுவே ஜவ்வு வைத்தார். வாத்துக்கு இருக்குமே, அதே மாதிரி. பார்க்க அழகாகத்தான் இருந்தது. "வாய் வாத்து, காலும் வாத்து, கணக்கு சரியாப் போச்சு" என்றார் அண்ணாச்சி.

எனக்கு அது கருவாடாகத் தெரிந்தது.

அனு, நீ விலங்கியல் படிக்கிறாய், உனக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் நான் படித்து அறிந்ததில்லை, தினமும் கையில் பிடித்து அறிந்தது. ஈர மீனின் வயிறு உருண்டு இருக்கும். காயும்போது முதலில் போவது அந்த உருண்டைதான். எலும்பு அப்படியே இருக்கும், தோல் அப்படியே இருக்கும், நடுவில் இருந்தது மட்டும் இறங்கிவிடும். தோலுக்குப் போக இடம் தெரியாமல் மடிந்து பக்கத்தில் தொங்கும். கருவாட்டை மட்டும் பார்த்த ஒருவன் மீன் வரைந்தால், அந்த மீன் கடலில் பட்டினி கிடந்தது போல இருக்கும். ஒரு நாள் மாலை பட்டறையில் ஈரச் சாக்கை விலக்கி வாத்தை முழுதாகப் பார்த்தேன். விலா எலும்பு எண்ணலாம். வயிறு உள்ளே போயிருக்கிறது. முன்காலில் ஜவ்வு. நாங்கள் செய்துவைத்திருப்பது செத்துக் காய்ந்த ஒன்றை நிற்க வைத்த உருவம். அடையாறில் வந்து பார்க்கிற பிள்ளைகள் இது இப்படித்தான் உயிரோடு நடந்தது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

திங்கட்கிழமை, அதாவது நாளைக்கு, அச்சு எடுப்பதாக இருந்தது. அச்சு போட்டுவிட்டால் உள்ளே இருக்கும் களிமண்ணை உடைத்து வாரி விடுவோம். அப்புறம் திருத்துவதற்கு மண்ணே இருக்காது.

நான் சொல்லவில்லை. மூன்று முறை சொல்லப் போனேன். முதல் முறை அண்ணன் போனில் இருந்தார். இரண்டாவது முறை அவர் என்னைப் பார்த்து "இன்னா?" என்றார், நான் "தண்ணி தெளிக்கட்டுமா" என்று கேட்டேன். மூன்றாவது முறை அவர் பின்னாலேயே போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.

உனக்கு அது நினைவுக்கு வரும். எனக்கும் வந்தது. பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வு அன்று அம்மா ஆஸ்பத்திரியில். மறுநாள் இன்னொரு பிரிவோடு சேர்ந்து எழுத விடுவார்கள், தலைமையாசிரியையிடம் போய்க் கேட்டால் போதும் என்று நீதான் விசாரித்துச் சொன்னாய். அந்த அறைக் கதவுக்கு வெளியே முதல் மணியிலிருந்து சாப்பாட்டு மணி வரை நின்றேன். யாரும் என்னை விரட்டவில்லை. நீ வந்து, "நீ தட்டலைன்னா நான் தட்டுறேன்" என்று கையை ஓங்கினாய். நான் உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதற்கப்புறம் பள்ளிக்கூடம் போகவில்லை. எல்லோரும் அம்மாவின் உடம்புதான் காரணம் என்கிறார்கள். உனக்கும் எனக்கும் மட்டும்தான் அது ஒரு கதவு என்று தெரியும்.

வாயால் முடியாவிட்டால் வேறு வழி இருக்கிறதா என்று யோசித்தேன். பறவைகள் எல்லாம் டைனோசரின் வாரிசு என்று கீர்த்தி மேடம் சொல்லியிருந்தார். போன திங்கட்கிழமை கறிக்கடையில் கோழிக்கால் வாங்கினேன். ஆறு கால். சுத்தமாகக் கழுவி, நெத்திலி காயப்போடுகிற மாதிரி உப்பு போட்டு, குடியிருப்பு மொட்டை மாடியில் வலை போட்டு மூடிக் காயவைத்தேன். அம்மா மேலே வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். "இன்னாடி இது? மீன்காரி வூட்டு மாடியில கோழிக்கால் காயுது. ஊரே சிரிக்கும்டி!" என்றாள். ஊர் சிரித்தது. காக்கை சிரிக்கவில்லை, வலையைக் கிளப்பி இரண்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. இன்னொன்றைப் பூனை. மிச்சம் மூன்று. ஐந்து நாள் வெயிலில் அவை நான் நினைத்தது போலவே ஆயின. கோழிக்காலின் அடியில் மெத்து மெத்தென்று இருக்குமே, அது இறங்கிவிட்டது. அந்த மெத்தைமேல் இருந்த தோல் விரலுக்குப் பக்கவாட்டில் சப்பையாக ஒட்டிக்கொண்டது. தூரத்தில் வைத்துப் பார்த்தால் ஜவ்வு.

நேற்று சனிக்கிழமை. கீர்த்தி மேடம் கடைசியாகப் பார்த்துச் சரி சொல்ல வந்தார். டப்பாவில் காய்ந்த கால் ஒன்று, அன்று காலை வாங்கிய ஈரக் கால் ஒன்று. மதியச் சாப்பாட்டுப் பைக்குள் ஒளித்து வைத்திருந்தேன். அவர் வாத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முதுகு மேட்டைத் தடவினார், குளம்பைத் தட்டினார். "சூப்பர்ணா. திங்கட்கிழமை எடுத்திடலாம்" என்றார். ஹெல்மெட்டைக் கையில் எடுத்தார்.

அந்த ஹெல்மெட் தலைக்குப் போய்விட்டால் முடிந்தது என்று எனக்குத் தெரிந்தது. டப்பாவைத் திறந்து இரண்டு காலையும் அவருக்கு முன்னால் இருந்த பலகையில் வைத்தேன். சுவரிலிருந்து அந்தப் புகைப்படத்தைப் பிய்த்து நடுவில் வைத்தேன்.

நாற்றம் உடனே எழுந்தது. "ஏ பிள்ள, மத்தியானச் சாப்பாட்டுக்கு இதையா கொண்டாந்திருக்க?" என்றார் அண்ணாச்சி. எல்லோரும் சிரித்தார்கள். கீர்த்தி மேடம் சிரிக்கவில்லை. ஈரக் காலைப் பார்த்தார், காய்ந்த காலைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார்.

நான் சொன்னது இவ்வளவுதான். "படத்துல இருக்கிறது கருவாடு. நாம கருவாட்டைச் செஞ்சிட்டோம்."

தணிகாசலம் அண்ணனின் முகம் சிவந்துவிட்டது. "இன்னாமே சொல்றே? மூணு வாரமா ராவும் பகலும் நான் கருவாடா செஞ்சிக்கினு இருந்தேன்? நாலு செதில் பதிக்கத் தெரிஞ்சதும் வாத்தியார் ஆயிட்டியா?" என்று கத்தினார். வாசல் பக்கம் ஓடிவிடத் தோன்றியது. ஆனால் நகரவில்லை. ஈரக் காலின் அடியை விரலால் அமுக்கிக் காட்டினேன், அது உள்ளே போய்த் திரும்ப வந்தது. காய்ந்த காலை அமுக்கினேன், அது கட்டை மாதிரி இருந்தது. அண்ணன் கத்துவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பிறகு அவரே ஒரு முறை அமுக்கிப் பார்த்தார்.

கீர்த்தி மேடம் அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அண்ணா, அவ சொல்றது சரி. தப்பு என்னோடது. நூறு வருஷத்துக்கு முன்னாடி இந்த மாதிரி உடம்பு முதல்ல கிடைச்சப்ப பெரிய பெரிய ஆளுங்களே இந்தக் காலைப் பார்த்து ஜவ்வுன்னு நினைச்சாங்க. தண்ணியில நீந்துற விலங்குன்னு ரொம்ப வருஷம் படமெல்லாம் போட்டாங்க. அப்புறம்தான் இது காலடிச் சதை காய்ஞ்சு சப்பையானதுன்னு சொன்னாங்க. நான் இதைப் படிச்சிருக்கேன். படிச்சிட்டும் இங்க வந்து பார்க்காம விட்டுட்டேன்." பிறகு என்னைப் பார்த்து, இதை எங்கே படித்தாய் என்று கேட்டார். படிக்கவில்லை, காயவைத்தேன் என்றேன்.

வயிற்றைப் பற்றியும் சொன்னேன். ஒரு முறை திறந்துவிட்டால் வாய் மூடவில்லை அனு, எனக்கே வியப்பாக இருந்தது. மடிப்பு இவ்வளவு இருந்தால் அதை நிரப்ப உள்ளே ஏதோ இருந்திருக்க வேண்டும் என்றேன். அவர் அதை அப்படியே ஏற்கவில்லை. சில மடிப்பு உயிரோடு இருக்கும்போதே இருந்திருக்கலாம், நம் யானைக்கு இல்லையா என்றார். உள்ளே எவ்வளவு சதை இருந்தது என்று இன்றைக்கும் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாதாம். கடைசியில் தோள் பக்கத்து மடிப்பை விட்டுவிடுவது, விலாவையும் வயிற்றையும் நிரப்புவது என்று முடிவானது. அதுவும் யூகம்தான், ஆனால் பட்டினி யூகத்தைவிட நல்ல யூகம் என்றார்.

தணிகாசலம் அண்ணன் வெளியே போய்விட்டார். வேலை போய்விட்டது என்று நினைத்தேன். டீ குடித்துவிட்டுக் கால் மணி நேரத்தில் வந்தார். வாத்தின் முன்காலில் தண்ணீர் தெளித்தார். கம்பியை எடுத்து அந்த ஜவ்வை அவரே அறுத்துப் போட்டார், அவர் அவ்வளவு ஆசையாகச் செய்ததை. பிறகு ஒரு பெரிய உருண்டைக் களிமண்ணை எடுத்து என் கையில் திணித்தார். "இன்னா பாத்துக்கினு கீறே? நீதானே சொன்னே. சதையைப் போடு" என்றார்.

போட்டேன். இன்று ஞாயிற்றுக்கிழமை, ஆனாலும் காலையிலிருந்து மாலை வரை போட்டுவிட்டு வந்துதான் எழுதுகிறேன். காலடிக்கு மெத்தை வைத்தாயிற்று. விலாவுக்குமேல் ஒரு கை கனம் ஏற்றியாயிற்று. வயிறு உருண்டு வந்ததும் அது பட்டறையில் நிற்கிற விதமே மாறிவிட்டது. இப்போது அது எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது. அச்சு வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிப் போயிருக்கிறது. என் பெயரும் மாறிவிட்டது. சங்கரா போய், கருவாட்டு டாக்டர். நீ டாக்டர் ஆவதற்குள் நான் ஆகிவிட்டேன் பார்.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன்.

வியாழக்கிழமை தி.நகர் ஜவுளிக்கடைக்குப் போய் உன் அம்மாவைப் பார்த்தேன். சரோஜாதேவி அத்தை சேலை மடித்துக்கொண்டே பேசினார். ஞாயிற்றுக்கிழமை தோறும் வார்டன் அறைப் போனில் ஐந்து நிமிடம் பேசுகிறாளாம், நன்றாகத்தான் இருக்கிறாளாம், வார்டன்கூட நல்ல பிள்ளை என்றாராம். சாப்பிடுகிறாளா என்று கேட்டேன். "அதைக் கேக்கலையேமா" என்றார். பிறகு பேச்சோடு பேச்சாக, மார்ச்சில் தைத்த உன் சுடிதார் இரண்டையும் நீ திருப்பி அனுப்பிப் பிடித்துத் தைக்கச் சொன்னதாகச் சொன்னார். ஒரு முறை இல்லை, இரண்டு முறை. படிக்கிற பிள்ளை இளைக்கத்தான் செய்யும் என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொண்டார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். அது வியாழக்கிழமை. இன்று என்றால் தலையாட்டியிருக்க மாட்டேன்.

நான்கு பக்கம், ஒரு பக்கம், இரண்டு வரி. நண்டு இல்லை. இரண்டு முறை பிடித்துத் தைத்த சுடிதார். இவ்வளவுதான் என்னிடம் இருக்கிறது. இதை வைத்து யூகம்தான் செய்ய முடியும். என் யூகம் தவறாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

நீ என்ன மதிப்பெண் வாங்குகிறாய் என்று நான் கேட்கப் போவதில்லை. அங்கே இருக்க வேண்டுமா, வேண்டாமா என்றும் சொல்லப் போவதில்லை. அது உனக்குத் தெரியும். என்ன சாப்பிட்டாய் என்று கேட்பேன். ராத்திரி தூங்கினாயா என்று கேட்பேன். அதற்கு மட்டும் நிஜமான பதில் சொல். அன்று நீ எனக்காக ஓங்கிய கையை நான் பிடித்து இழுத்துவிட்டேன். நீ என்னை அப்படி இழுக்காதே.

சாப்பிடு அனு. நாலு வாயாவது சாப்பிடு. அப்புறம் மற்றதைப் பேசிக்கொள்ளலாம்.

அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். நெத்திலித் தொக்கு கிளறிக்கொண்டிருக்கிறாள், உனக்காக.

என்றும் உன்,
ஜெயபாரதி

பின்குறிப்பு:
ராசிபுரம், ஜூன் 14

இதை அஞ்சலில் போடவில்லை. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன், கடிதம் வந்து சேர நான்கு நாள் ஆகும், பதில் வர இன்னும் நான்கு நாள் என்று தோன்றியது. இன்று பெற்றோர் பார்க்க வரும் ஞாயிறு. உன் அம்மாவுக்குக் கடையில் விடுப்பு கிடைக்கவில்லை. "எனக்குப் பதிலாக இவளை அனுப்புகிறேன்" என்று அவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, நேற்று இரவு சேலம் பேருந்தில் ஏறினேன். பெற்றோருக்கு மட்டும்தான் அனுமதி என்று வாசலில் காவலர் சொன்னார், வேண்டுமானால் வார்டனைக் கேட்டுக்கொள் என்று ஒரு அறையைக் காட்டினார்.

அந்த அறை வாசலில் நின்றுதான் இதை எழுதுகிறேன். கையில் தொக்கு டப்பா இருப்பதால் எழுத்து கோணலாக இருக்கிறது. கதவு மூடியிருந்தது.

தட்டிவிட்டேன்.